கறுப்புத் திரையில் இரண்டு பூஜ்யங்கள்

மார்ச் 3, செவ்வாய்

புதுப்பிப்பு வந்திருப்பதாகக் காலையில் லினக்ஸ் ஓடும் என் மடிக்கணினி சொன்னது. சரி என்று அழுத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். நடுவில் அது ஏதாவது முணுமுணுத்ததா என்பது எனக்குத் தெரியாது. மறுதொடக்கம் செய்ததும் வெள்ளை எழுத்துகள் சரசரவென ஓடி, ‘கெர்னல் பேனிக் – நாட் சிங்கிங்’ என்ற வரியில் நின்றன. இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னல் தொடர முடியாமல் திகைத்து நின்றுவிட்டது என்று பொருள். கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மின்னி மின்னி அணைகிறது. மூன்று முறை அணைத்துப் போட்டேன்; மூன்று முறையும் அதே இடம். திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

‘சிங்க்’ ஆகவில்லையாம். அப்படியென்றால் கோப்புகள் இருக்கும் வட்டு, அதாவது எஸ்எஸ்டி, செத்துவிட்டது. வேறென்ன?

மார்ச் 4, புதன்

யுஎஸ்பியில் இருந்த லினக்ஸைக் கொண்டு இயக்கினேன். செத்ததாக நான் துக்கம் கொண்டாடிய எஸ்எஸ்டி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் குறையில்லை, கோப்புகள் அனைத்தும் பத்திரம். உடனே பிரதி எடுத்தேன். இந்த இரண்டு நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

அடுத்த சந்தேகம் ரேம் என்ற நினைவகம். அதைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ஓடவிட்டுப் படுக்கப் போகிறேன்.

மார்ச் 5, வியாழன்

இரவெல்லாம் ஓடியும் ஒரு பிழைகூட இல்லை. வேறு வழியின்றி, முதல் நாள் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். நான் பாதியில் விட்ட வரியின் மறுபாதி: ‘அன்நோன் பிளாக் (0,0)’ என்பதில் ரூட் கோப்பு முறைமையை (இயங்குதளம் குடியிருக்கும் இடத்தை) ஏற்ற முடியவில்லை.

அந்த இரு எண்களும் சாதனத்தின் அடையாள எண்கள். (8,1) போல ஏதாவது இருந்திருந்தால், வட்டு கண்ணில் பட்டது, ஆனால் திறக்க முடியவில்லை என்று கொள்ளலாம். இரண்டும் பூஜ்யம் என்றால், ஏற்ற வேண்டிய வட்டைக் கெர்னலால் அடையாளம் காணவே முடியவில்லை. வட்டைப் பார்க்கத் தேவையான டிரைவர் என்ற நிரலோ அந்த வட்டிலேயே இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. அதற்காகத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொகுப்பு, தேவையான டிரைவர்களோடு கெர்னலுடன் சேர்ந்தே நினைவகத்தில் ஏறுகிறது. என் கணினியில் அது ஏறவில்லை.

‘நாட் சிங்கிங்’ என்பதும் நான் நினைத்தது அல்ல. நினைவகத்தில் மிச்சமிருக்கும் தரவை வட்டில் எழுத மாட்டேன் என்கிறது கெர்னல். புத்தி கலங்கிய நேரத்தில் எழுதினால் இருப்பதும் கெட்டுவிடும் என்ற எச்சரிக்கை. அதை நோய் என்று படித்திருக்கிறேன்.

இரவு 11 மணி: எஸ்கேப் விசையைத் தட்டி, எந்தக் கெர்னலை இயக்குவது என்று கேட்கும் கிரப் மெனுவை வரவழைத்து, பழைய கெர்னலைத் தேர்ந்தேன். சமர்த்தாக இயங்கியது! இதை முதல் நாளே செய்திருக்கலாம். இட அளவைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளையில், கெர்னல்கள் இருக்கும் /பூட் பகிர்வு 100 சதவீதம் நிறைந்திருந்தது. நிறுவும்போது ‘512 எம்பி தாராளம்’ என்று ஒதுக்கிய மகானுபாவன் நானேதான். இடமில்லாததால் புதிய கெர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் உருவாகவே இல்லை. இப்போது ஓடும் கெர்னலை மட்டும் விட்டுவைத்து மற்ற பழைய கெர்னல்களை நீக்கி, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கொடுத்தேன். கோப்பு உருவானது. மறுதொடக்கம்.

மீண்டும் அதே பூஜ்யங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

கிரப் மெனுவில் புதிய கெர்னலின் மேல் நின்று ‘இ’ விசையைத் தட்டினால், அது என்னென்ன வரிகளை இயக்கப் போகிறது என்று காட்டும். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரி இருக்கிறது. அதற்கடியில் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைச் சுட்டும் ‘இனிட்ஆர்டி’ வரியைக் காணோம். கிரப் தன் பட்டியலை எழுதிய வேளையில் அந்தக் கோப்பு இல்லை. ஆகவே வரியையும் எழுதவில்லை. நேற்று நான் கோப்பை உருவாக்கினேன், கிரப்புக்குச் சொல்லவில்லை.

பழைய கெர்னலில் நுழைந்து, பட்டியலைப் புதிதாக எழுதும் ‘அப்டேட்-கிரப்’ கட்டளையைத் தட்டினேன். சில நொடிகள்தான். மறுதொடக்கம். உள்நுழைவுத் திரை வந்தபோது கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

மார்ச் 9, திங்கள்

இன்னொரு புதுப்பிப்பு. குளியல் காத்திருக்கட்டும் என்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். /பூட் இப்போது 41 சதவீதம்.