ஞாயிற்றுக்கிழமைச் சோறு

அக்டோபர் 3, 2024, வியாழன்

சாயந்திரம் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) அறையில் கூட்டம். அறையில் இருப்பது பன்னிரண்டு நாற்காலி, வந்தது முப்பது பேர். பாதிப் பேர் ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவைக் கணக்கை நிரப்ப வந்தவர்கள். நானும் அதில் ஒருவன்தான், மறைப்பானேன்.

வரலாற்றுத் துறை அண்ணன் போர்டில் மூன்று தேதிகளை எழுதினார். அக்டோபர் 10 உலக வீடற்றோர் தினம். 16 உலக உணவு தினம். 17 வறுமை ஒழிப்பு தினம். மூன்றையும் சேர்த்து ஒரு வாரம் கல்லூரிக்குள் பிரச்சாரம் செய்யலாம் என்று முடிவாயிற்று. போஸ்டர், பேச்சு, மெஸ்ஸில் மிச்சமாகும் சோற்றை எடை போடுவது, பாரிமுனைப் பக்கம் சாப்பாட்டுப் பொட்டலம்.

ஒருத்தன் எழுந்து, "ஒரு ராத்திரி நாம எல்லாரும் கிரவுண்டுல அட்டை விரிச்சுப் படுக்கலாம் சார்" என்றான். ஏகப்பட்ட கைதட்டல். கொசுவத்தி அனுமதி உண்டா என்று பின்னாலிருந்து ஒரு கேள்வி. சார் சிரிக்கவில்லை. "விடிஞ்சதும் ரூமுக்குப் போயிடுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். அந்த யோசனை அதோடு அமுங்கிவிட்டது.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் ஹாஸ்டல் சமையல்கட்டில் நின்று அறுபது பொட்டலம் சாம்பார் சாதம் கட்டினோம். மெரினாவில் விமானப்படை சாகசம் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. ரயிலில் காலூன்ற இடமில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதில் பொட்டலச் சூடெல்லாம் என் சட்டைக்குள் இறங்கியது.

பாரிமுனையில் இறங்கி உள்தெருவுக்குப் போனால், நடைபாதை நெடுக ஏற்கெனவே பிரியாணி வாசம். ஒரு வேன் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. அதற்கு முன் இன்னொரு குழு புளிசாதம் கொடுத்திருக்கிறது. எங்கள் சாம்பார் சாதத்தை வாங்கிக்கொண்டார்கள், முகம் சுளிக்கவில்லை. ஆனால் வாங்கியவர்கள் அதைச் சுவரோரமாக மற்ற பொட்டலங்களின் மேல் அடுக்கிவைத்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா நாரைப் பல்லில் கடித்தபடியே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றீங்க தம்பி. செவ்வாக்கெழம வந்து பாருங்க."

திரும்பும்போது யாரும் செல்ஃபி எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்றில்லை, தோன்றவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

வரச் சொன்னதால் போனோம். மூன்று பேர், வெறுங்கையோடு.

அந்த அக்கா பிறந்தது அதே நடைபாதையில். அவருடைய அம்மாவும் அங்கேதான். "வீடில்லாதவங்க" என்று நான் சொன்னதும் பக்கத்திலிருந்த ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊடு இல்லாம என்னா? இதான் ஊடு. கூரதான் இல்ல."

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மின்கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிய ஒரு தகரப் பெட்டி. மூன்று செங்கல் அடுப்பு, எரிக்கப் பழப்பெட்டிச் சிம்பு. அக்கா பெண்ணின் புத்தகப்பை தரையில் இல்லை, சுவரில் ஆளுயரத்துக்கு அடித்த ஆணியில் தொங்கியது. கீழே வைத்தால் எலி கடிக்குமாம். குளியலெல்லாம் விடியற்காலை நாலு மணிக்குள், தெரு விழிப்பதற்கு முன்னால். கட்டணக் கழிப்பறை ராத்திரி பூட்டிவிடுவார்கள், அதனால் பொம்பளைகள் சாயந்திரத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. இதைச் சொல்லும்போதும் அக்காவின் விரல்கள் நிற்கவில்லை. சொல்லி முடித்ததும் கட்டிய சரத்தைக் கையில் முழம் போட்டுப் பார்த்துக்கொண்டார்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். காலையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி, மதியம் அஞ்சு ரூபாய்க்கு சாம்பார் சாதம், மூணு ரூபாய்க்குத் தயிர் சாதம். 2013இல் அது வந்த பிறகு பசியோடு பொழுது போகிற நாள் குறைந்திருக்கிறது என்றார். ஆனால் அவர் வீட்டுக்காரர் லோடு இறக்குகிறவர். வேலை முடிய ராத்திரி பத்தாகும். அந்த நேரத்தில் உணவகம் இருக்காது. பூ விற்காத நாளில் அடுப்பும் எரியாது. அந்த நாள் ஞாயிறாக இருந்தால் பிழைத்தார், செவ்வாயாக இருந்தால் டீயும் பன்னும்தான்.

பசிக்குக் கிழமை உண்டு என்று எங்கள் பொருளாதாரப் பாடத்தில் எங்கும் இல்லை.

அக்டோபர் 10, வியாழன்

வீடற்றோர் தினம். நூலக வாசலில் பலகை வைத்தோம்.

நான் எழுதிய போஸ்டரில் ஒரே ஒரு கணக்கு. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் ஒன்று சொன்னது: 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் ஒவ்வொரு லட்சம் பேருக்கும் ஒரு காப்பகம் வேண்டும், அது 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் இருந்த சென்னைக்கே 46 லட்சத்துக்கு மேல். அப்படியானால் எத்தனை காப்பகம்? விடையை எழுதாமல் ஒரு கட்டம் போட்டு விட்டேன். மதியத்துக்குள் யாரோ அதில் "கேண்டீன் எங்கே?" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

நின்று கேட்டவர்களில் பாதிப் பேரின் கேள்வி ஒன்றுதான்: காப்பகம் இருந்தால் போய்ப் படுக்க வேண்டியதுதானே? அக்காவிடம் நானும் இதையே கேட்டிருந்தேன். "ஆம்பளைங்களுக்குத் தனி, பொம்பளைங்களுக்குத் தனி. குடும்பத்தோட எங்க படுக்கறது? பொட்டிய எங்க வெக்கறது? விடிகாலைல பூ மார்க்கெட்டுக்கு அங்கேர்ந்து எப்படி வர்றது?" இந்த மூன்று கேள்விகளையும் அப்படியே இன்னொரு அட்டையில் எழுதி ஒட்டினேன். அதைத்தான் எல்லாரும் நின்று படித்தார்கள், என் கணக்கை இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆயுத பூஜை லீவில் ஊருக்குப் போகாதவர்கள் மெஸ்ஸில் எடை போட்டோம். காய்க்காரரிடம் கடன் வாங்கிய தராசு. மதியம் மட்டும் எச்சில் வாளியில் 11 கிலோ, அதுவும் பாதி ஹாஸ்டல் காலியாக இருக்கும்போது. மெஸ் அண்ணன் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "சோறு நல்லா இல்லன்னு சொல்ல வெக்கப்பட்டுத்தான் கொட்டுறீங்க. சொல்லுங்கடா, மாத்துறேன்" என்றார். எங்கள் போஸ்டர் மாணவர்களைத் திட்டியது. அண்ணன் சொன்னது அதைவிட உண்மை.

உலகப் பசிக் குறியீடு இந்த வாரம் வந்திருக்கிறது. 127 நாடுகளில் இந்தியா 105. வாட்ஸப் குழுவில் இரண்டு மணி நேரச் சண்டை. அது சதி என்றான் ஒருவன், இல்லை என்றான் இன்னொருவன். அதில் பார்க்கும் நான்கு அளவுகளில் மூன்று குழந்தைகளைப் பற்றியவை, பெரியவர்களின் பசியை அதிலிருந்து மட்டும் அளக்க முடியாது என்று நான் எழுதியதை இரண்டு பக்கமும் கண்டுகொள்ளவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

நேற்று ராத்திரியிலிருந்து கொட்டுகிறது. லீவு விட்டாயிற்று. வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திய படம் எல்லார் போனிலும்.

நாளைய கண்காட்சிக்கான சார்ட்டுகளை ஜன்னலோரம் வைத்திருந்தோம். "உணவு" என்பதில் "உண" மட்டும் மிச்சம்.

அக்காவின் போன் அணைந்திருக்கிறது.

அக்டோபர் 16, புதன்

உலக உணவு தினம். கல்லூரி மூடியிருக்கிறது. பயமுறுத்திய அளவு மழை இல்லை, பத்து மணிக்கு வெளுத்துவிட்டது. இன்றும் நாளையும் அம்மா உணவகங்களில் சாப்பாடு இலவசம் என்று செய்தி. சரி, சோற்றுக்குக் கவலையில்லை என்று பொட்டலத்துக்கு வைத்திருந்த பணத்தில் இரண்டு படுதா வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

நடைபாதையில் யாரும் இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு கடையின் படிக்கட்டில் எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், மேல்படியில் குழந்தைகள், கீழ்ப்படியில் பெரியவர்கள். கடை திறக்கும்வரை அங்கே, அப்புறம் வேறு எங்காவது. தகரப் பெட்டி மட்டும் பழைய இடத்திலேயே, கம்பத்தோடு, தண்ணீருக்குள். பூச்சரங்கள் விலைபோகாமல் கூடையிலேயே அழுகி, நெருங்கும்போதே அந்த வாடை.

படுதாவை வாங்கி ஆயாவிடம் கொடுத்துவிட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாராப்புக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்டு மூன்று சுற்று. "உன் ரூம்ல வெச்சிரு தம்பி. மழ முடிஞ்சதும் வாங்கிக்கறேன்."

என்ன என்று கேட்கவில்லை. ரயிலில் வரும்போது பிரித்தேன். ஆதார், ரேஷன் கார்டு நகல், பெண்ணின் பிளஸ் டூ சான்றிதழ், அவருடைய வாக்காளர் அட்டை. ஓரங்கள் நனைந்து ஒட்டியிருந்தன. ராத்திரி ஃபேனுக்குக் கீழே ஒவ்வொன்றாக விரித்து, மேலே செருப்பு, எண்ணெய் பாட்டில், டிக்ஷனரி என்று பாரம் வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஒரு குடும்பம் முழுக்க என் அறைத் தரையில் காய்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

வறுமை ஒழிப்பு தினக் கூட்டம் நடந்தது. 1987இல் இதே நாளில் பாரிஸில் ஒரு லட்சம் பேர் கூடியதிலிருந்து இந்த நாள் வந்த கதையை அண்ணன் நன்றாகச் சொன்னார். கேட்டவர்கள் பதினாலு பேர்.

கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது என் வகுப்பு நண்பன் ஒருவன் சொன்னான், "நானும் லஞ்ச் சாப்பிடறதில்லடா." சாதாரணமாகத்தான் சொன்னான். கும்மிடிப்பூண்டி ரயிலில் விடியற்காலையில் ஏறி வருகிறவன். மதியம் மணியடித்ததும் நூலகத்துக்குப் போவான். படிப்பாளி என்று ஒன்றரை வருடமாகக் கேலி செய்திருக்கிறோம்.

பள்ளியில் பத்தாம் வகுப்புவரை சத்துணவு. இப்போது ஒன்றிலிருந்து ஐந்துவரை காலை உணவும் வந்துவிட்டது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் ஆகஸ்டிலிருந்து எங்களைப் போன்ற அரசுப் பள்ளிப் பையன்களுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. அவனுக்கும் வருகிறது. அம்மாவின் மாத்திரைக்குப் போய்விடுகிறது.

பாரிமுனைக்கு ரயிலேறிப் போய் அறுபது பொட்டலம் கொடுத்தோம். பக்கத்து பெஞ்சில் இருந்தவனைக் கேட்கவில்லை. அவனும் அந்தப் பொட்டலங்களைக் கட்ட உட்கார்ந்தான் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அக்டோபர் 24, வியாழன்

மீதிப் பணத்தில் மெஸ் கெஸ்ட் டோக்கன் வாங்கி நூலகத்தில் ஒரு டப்பாவில் போட்டுவைத்தோம். பெயர் எழுத வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம், எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு நாள் ஒன்றுகூடக் குறையவில்லை. டப்பா கவுன்டருக்கு நேர் எதிரே இருப்பதுதான் காரணம் என்று நூலக அக்கா கண்டுபிடித்தார். பழைய வினாத்தாள் அலமாரிக்குப் பின்னால் மாற்றினோம். நேற்று நான்கு, இன்று ஆறு. ஹாஸ்டல்காரனே எடுத்து நண்பனுக்கு விருந்து வைக்கிறான் என்று ஒரு புகார். வைக்கட்டும். கண்காணிக்க ஆள் போட்டால் மறுபடி யாரும் எடுக்க மாட்டார்கள்.

நண்பன் எடுக்கிறானா என்று நான் பார்ப்பதில்லை. மதியத்தில் நூலகம் பக்கமே போவதில்லை.

நவம்பர் 16, சனி

கவரைத் திருப்பிக் கொடுத்து இரண்டு வாரம் ஆகிறது. அப்போதே பேச்சு வந்தது, பெண்ணுக்குப் பத்தொன்பது முடிந்தும் ஓட்டு இல்லை. இன்று வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாம். அக்காவையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாக்குச்சாவடி இருக்கும் பள்ளிக்குப் போனேன்.

வீடற்றவர்களுக்கு முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. பெயர் சேர்க்கும் படிவம் 6இல் எந்த இடத்தைக் குறிப்பிடுகிறார்களோ அங்கே பி.எல்.ஓ. என்ற வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் போய், உண்மையிலேயே அங்கேதான் தூங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். முகாமில் இருந்த பி.எல்.ஓ. அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது, எனக்குப் பெரிய நிம்மதி. "ஒரு நாள் மட்டும் வர மாட்டேன்மா. ரெண்டு மூணு ராத்திரி வருவேன். இருக்கணும்" என்றார். 2011 கணக்கெடுப்பில் நடைபாதைக்காரர்களை பிப்ரவரி 28ஆம் தேதி ஒரே ராத்திரியில் எண்ணி முடித்தார்கள். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி. வீட்டு எண் என்ற இடத்தில் பேனா நின்றது. பெண்தான் சொன்னாள், கம்பத்தில் நம்பர் இருக்கிறது என்று. பெட்டியைக் கட்டிவைத்திருக்கும் அதே மின்கம்பம். அதன் எண்ணை எழுதி, பக்கத்தில் "எதிரே நடைபாதை" என்று போட்டேன்.

அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "மழ வந்தா எதிர்ப்பக்கம் படிக்கட்டுக்குப் போயிடுவோமே தம்பி. அதையும் எழுதணுமா?"

வெளியே வானம் மூட்டமாகத்தான் இருந்தது. பி.எல்.ஓ. அம்மா தன் போன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அக்கா அதை ரப்பர் பேண்டுக்கு அடியில் செருகிக்கொண்டார்.