எந்தக் கோயில்?

பிள்ளையார்பட்டியில் வரிசையில் நின்றபோது, முன்னால் இருந்த ஆச்சி திரும்பி என் நண்பனின் அப்பத்தாவிடம் "எந்த ஊரு?" என்றார். அடுத்து, "எந்தக் கோயில்?" பெயரைக் கடைசிவரை கேட்கவே இல்லை.

நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, ஒன்பது கோயில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. எல்லாம் காரைக்குடியைச் சுற்றித்தான். ஒரே நாளில் ஒன்பதையும் பார்த்துவிட வேண்டும் என்பது அப்பத்தாவின் ஆசை. நான் நகரத்தார் இல்லை, வண்டி ஓட்டப் போனவன்.

குடைவரைக்குள் வடக்கு நோக்கி, துதிக்கை வலம் சுழித்து, இரண்டே கைகளோடு அமர்ந்திருக்கிறார் கற்பக விநாயகர். கும்பிட்டுவிட்டு வைரவன்பட்டி, நேமம், இளையாத்தங்குடி, இரணியூர். நண்பகலில் நடை சாத்திவிடுவார்களே என்று ஓட்டமும் நடையும்தான். இரணியூர்த் தூண் சிற்பங்களைக்கூட நின்று பார்க்க முடியவில்லை. அதற்காகவே இன்னொரு முறை போக வேண்டும்.

வண்டியில் அப்பத்தா பாடம் எடுத்துக்கொண்டே வந்தார். ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள். இளையாத்தங்குடி, மாத்தூர் போலப் பல பிரிவுகள் உள்ள கோயில்களில் மட்டும் கணக்கு வேறு. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் தனித்தனிக் கோயில்கள் என்றாலும் அண்ணன் தம்பி முறை, பெண் கொடுத்து எடுப்பதில்லை. பிள்ளை கூட்டுவதென்றால், அதாவது தத்தெடுப்பதென்றால், அதே கோயிலுக்குள்தான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கோயில், பெண் கோயில் இரண்டிலிருந்தும் மாலை வர வேண்டும். தாலி ஏறியதும் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரியும் உண்டு.

"அப்போ இவன் இன்னும் புள்ளி இல்லையா?" என்றேன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நண்பனைக் காட்டி.

"கட்டிக்கிட்டாத்தானே தம்பி!"

பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்து சேர்த்த பணத்தில் ஒரு பங்கு இந்தக் கருங்கல் திருப்பணிகளுக்கும் வந்திருக்கிறது. எந்தச் சீமைக்குப் போனாலும் ஆளை அடையாளம் சொல்ல ஒரு கோயில் இருந்தது என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஆண் பிறந்த கோயிலிலேயே இருந்துகொள்கிறான், பெண்தான் கோயில் மாறுகிறாள். அது கொஞ்சம் உறுத்தியது. அப்பத்தாவிடம் கேட்கவில்லை.

மாத்தூருக்குக் கடைசியாகத்தான் போனோம். விளக்கு வைத்துவிட்டார்கள். சித்தர் ஒருவர் ஐந்நூறு மாற்றுத் தங்கம் செய்த இடம் என்பது கதை (மாற்று என்பது தங்கத்தின் தர அளவு), அதனால் சுவாமி பெயர் ஐந்நூற்றீசர். தட்டோடு வந்த குருக்கள், "ஆச்சி எந்தக் கோயில்?" என்றார்.

"இளையாத்தங்குடி" என்றார் அப்பத்தா. அவர் கணவர் ஐயாவின் கோயில் அது.

பெரியநாயகி சந்நிதியில் மட்டும் அவர் நகரவில்லை. படிக்கல்லில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றார். "என் கல்யாணத்துக்கு மாலை இங்கேருந்துதான் வந்துச்சு தம்பி. நான் பொறந்த கோயிலு."

எட்டுக் கோயில் குங்குமமும் என் சட்டைப்பையில் ஒரே பொட்டலமாக இருந்தது. இதையும் வாங்கக் கை நீட்டினேன். அப்பத்தா தரவில்லை. காகிதத்தில் தனியாக மடித்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.