வலப்பக்க ஜன்னல்

2012-இல் இலங்கையின் மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து மணமாகி மதுரைக்கு வந்தேன். அதுவரை நான் ரயிலில் ஏறியதே இல்லை. எங்கள் ஊர் வழியாகத் தலைமன்னாருக்குப் போன ரயில் 1990-இல் போரால் நின்றுபோனது. ரயில்பாதை என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆடு மேயும் ஒரு நீளமான மேடுதான்.

ராமநாதபுரத்தில் கணவருடைய வீடு. முதன்முதலாக அங்கே பாசஞ்சரில் போன அன்று, சிலைமான் தாண்டும்வரை ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. திருப்புவனத்துக்கு அப்பால் மின்கம்பியில் பழுப்பாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. ரயில் சத்தத்துக்கு எழும்பிச் சிறகை விரித்தது; அத்தனையும் நீலம். பனங்காடை! எங்கள் வேலிக்கு அப்பால் மொட்டைப் பனையில் தினமும் பார்த்தது. வந்த இடத்தில் எனக்கு முன்பே பழக்கமான முதல் உயிர் அதுதான்.

மனிதர்களிடம்தான் தடுமாறினேன். பேசுவது ஒரே தமிழ்தான், ஆனாலும் ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்றால் எதிரில் இருப்பவர் விழிப்பார். மாமியை அத்தை என்று அழைக்கப் பழகினேன். குளம் கண்மாய் ஆனது. காய்கறிக் கடையில் "நீங்கள் சிலோனா?" என்று கேட்பார்கள், அடுத்து வரும் இரக்கப் பார்வையைத் தாங்குவது எனக்குக் கடினம். விசா நீட்டிப்புக்கு அலைந்ததைப் பற்றி எழுத விருப்பமில்லை.

மாதம் இரண்டு சனிக்கிழமை அந்தப் பயணம் உண்டு. காலையில் கிழக்கு நோக்கிப் போகும்போது வெயில் இடப்பக்கம். மாலையில் திரும்பும்போதும் வெயில் இடப்பக்கமே. அதனால் இரண்டு முறையும் எனக்கு வலப்பக்க ஜன்னல்தான். கண் கூசாது, பறவையின் நிறமும் தெளிவாகத் தெரியும். தண்டவாளத்துக்கு அருகே பார்த்தால் எல்லாம் கோடாக ஓடும். நான்கு வயல் தள்ளிப் பார்வையை நிறுத்த வேண்டும். கொக்கும் மடையானும் அங்கே அசையாமல் கிடைக்கும்.

அந்த வழி ஒற்றைப் பாதை. எதிர் ரயிலுக்காக நிற்கும் நேரத்தைப் பலர் சலித்துக்கொள்வார்கள். நான் அதற்காகவே காத்திருப்பேன். ஒரு மார்கழியில் அப்படி நின்றபோது, பாதையோரத் தேங்கல் நீரில் ஒரு நத்தைகுத்தி நாரை. அதன் அலகு மூடியிருந்தாலும் நடுவே ஒரு சிறு இடைவெளி தெரியும். நத்தையை நீருக்கடியில் தரையோடு அழுத்தி, கீழ் அலகின் நுனியை உள்ளே செலுத்தி, சதையை மட்டும் உருவியது. தலையை உயர்த்தி விழுங்கியது. ஓடு உடையவே இல்லை. கட்டுக்கரைக் குளத்தருகே வளர்ந்தவள் நான். இந்த நாரையை நூறு முறை பார்த்திருக்கிறேன். அது சாப்பிடும் விதத்தை அன்றுதான் முழுதாகக் கண்டேன். எதிர் ரயில் வந்து மறைத்துவிட்டது.

2015-இல் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. அம்மா முருங்கனில் ஏறி மதவாச்சி வரை போய் வந்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் ஒருநாளும் போகாத பாதை அது. ஜன்னல் வழியாக என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு செண்பகம்" என்றார்.

அருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தையிடம் சொன்னேன்.

"செம்போத்தா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.