ஹேம்குண்ட் குளத்துல பெரியாத்தா சொன்ன சம்போ

காசிக்குப் போயிட்டு வந்தவங்க காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வீட்டுக்கு வீடு இருப்பாங்க. ஆனா அந்த கங்கையில வந்து கலக்குற தண்ணி ஒண்ணு பனிமலைக்கு நடுவுல குளமா நிக்குது, உசிரோட இருக்கறப்பவே அத பாத்து கும்பிட்டுறணும்னு எங்க பெரியாத்தா ஒத்தக்கால்ல நின்னாங்க. அதனால தான் இந்த ஆவணியில சொந்தபந்தம் கொஞ்ச பேர் சேந்து ஹேம்குண்ட் கிளம்புனோம்.

உத்தரகாண்ட்ல சமோலி மாவட்டம். பத்ரிநாத் போற ரோட்டுல ஜோஷிமட் தாண்டி கோவிந்த்காட், அங்க இருந்து புல்னா வரைக்கும் ஜீப்பு, அதுக்கு மேல கங்காரியா வரைக்கும் ஒரு 10 கிலோமீட்டர் நடை, முடியாதவங்களுக்கு குதிரை. கங்காரியாவுல ராத்தங்கல். மறுநாள் விடியக்காலைல ஏறி அன்னைக்கே இறங்கிறணும், மேல யாரும் தங்க கூடாது.

கங்காரியாவுல இருந்து குளத்துக்கு 6 கிலோமீட்டர் தான். தைப்பூசத்துக்கு காவடி கூட பழனிக்கு நடக்குற எங்களுக்கு இது ஒரு தூரமான்னு தான் தோணுச்சு. ஆனா பழனிக்குப் போறது சமதரை, இங்க 3000 மீட்டர்ல கிளம்பி 4300 மீட்டருக்கு மேல ஏறணும், அந்த உசரத்துல ஒரு மூச்சுக்கு கிடைக்குற ஆக்சிஜன் நம்ம ஊர்ல கிடைக்குறதுல கிட்டத்தட்ட 60 சதவீதம் தான். கால் தயாரா இருக்கும், நெஞ்சு தான் கொஞ்சம் நில்லுன்னு சொல்லும்.

அங்க தான் கைடு தம்பியோட அருமை தெரிஞ்சுச்சு. அந்த மலையிலயே பொறந்து வளந்த பிள்ளை. எல்லாருக்கும் முன்னாடி பெரியாத்தாவ நடக்க விட்டு, யாரும் அவங்கள தாண்டி போக கூடாதுன்னுட்டாரு. "மாதாஜி எந்த வேகத்துல நடக்குறாங்களோ அதான் எல்லாருக்கும் வேகம், பக்கத்துல இருக்கவங்க கூட பேச முடியாத அளவு மூச்சு வாங்குச்சுன்னா நின்னுருங்க"ன்னு சொன்னாரு (டெல்லியில வேலை பாத்த அண்ணன் ஒருத்தர் ஹிந்திய எங்களுக்கு தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தாங்க). ஒவ்வொரு டீக்கடையிலயும் ஒவ்வொருத்தர் முகத்தையும் பாத்து தலை வலிக்குதா, குமட்டுதான்னு கேப்பாரு. பாதி வழியில மாமா ஒருத்தருக்கு தலைவலின்னதும் கெஞ்சி பாத்தும் விடல, கூட ஆள் போட்டு கீழ அனுப்பிட்டாரு. மாமாவுக்கு மனசு ரொம்ப வருத்தம் தான், ஆனாலும் அது தான் சரி. சாமி பாக்க போற இடத்துல உடம்பு சொல்றத கேக்காம முரண்டு பிடிக்கிறத நான் பக்தின்னு சொல்ல மாட்டேன்.

மரமெல்லாம் பின்னால போயி வெறும் புல்லும் பாறையுமா ஆனதுக்கப்புறம் தான் பிரம்மகமலம் கண்ணுல பட்டுச்சு. படத்துல பாக்குறப்ப தாமரை மாதிரி தோணும், கிட்ட குனிஞ்சு பாத்தா வெளிய இருக்குறது வெளிறுன பச்சையில காகிதம் போல மெல்லிசான மடல், அதுக்குள்ள கரு ஊதா நிறத்துல குட்டி குட்டியா நெருக்கமா இருக்குறது தான் பூவே. மடல்ல மழைத்தண்ணி முத்து முத்தா நின்னுச்சு. நந்தாதேவி பூஜைக்கு அந்த ஊர்க்காரங்க இந்த பூவ தான் சாத்துவாங்களாம், வர்றவங்க போறவங்க பறிக்க கூடாதுன்னு தம்பி கண்டிப்பா சொன்னாரு. பெரியாத்தா செடிக்கு முன்னாடி நின்னு கையெடுத்து கும்பிட்டாங்க.

கடைசி கொஞ்ச தூரம் படி. ஏறி முடிச்சா சீக்கியர்களோட கோயிலான குருத்வாரா, பக்கத்துல லட்சுமணர் கோயில், அதுக்கு முன்னாடி குளம். குரு கோவிந்த் சிங் முற்பிறவியில தவம் பண்ண இடம்னு சீக்கியர்கள் வர்றாங்க, லட்சுமணர் தவம் பண்ண லோக்பால் குளம்னு மலைக்காரங்க கும்பிடுறாங்க. ரெண்டு பேருக்கும் அதே தண்ணி தான். நாங்க போனப்ப மூடுபனி, எதிர்க்கரையே தெரியல, கொஞ்ச நேரத்துல காத்து அடிச்சு விலகுனதும் சுத்தி மலை, பாறை இடுக்குல பனி, அடியில கிடக்குற கல்லு ஒண்ணு ஒண்ணா எண்ணுற அளவுக்கு தண்ணி தெளிவு.

ஊருணிய நம்பி வாழ்ந்த ஊர்க்காரங்க நாம, வானம் பாத்த பூமி, தண்ணிய கண்டா முதல்ல கும்பிடத்தான் தோணும். சீக்கிய பெரியவங்க பலர் அந்த குளிர்ல முங்கி குளிச்சாங்க. பெரியாத்தா இறங்கல. கரையில உக்காந்து ஒரு கை தண்ணி அள்ளி தலையில தெளிச்சுக்கிட்டாங்க, அப்பறம் இன்னொரு கை அள்ளி வச்சுக்கிட்டு "சம்போ, சம்போ"ன்னாங்க. காசியில நம்ம நகரத்தார் சத்திரத்துல இருந்து விசுவநாதருக்கு தினமும் பூஜை சாமான் எடுத்துட்டு போறப்ப சொல்ற அதே சொல்லு. 1813ல ஆரம்பிச்ச சத்திரம், இன்னைக்கு வரைக்கும் அந்த கைங்கரியம் நடக்குது. இந்த குளத்து தண்ணி லட்சுமண கங்கையா இறங்கி, கோவிந்த்காட்ல அலக்நந்தாவுல சேந்து, தேவப்பிரயாகையில பாகீரதி கூட கலந்து கங்கையாகி அந்த விசுவநாதர் வாசலுக்குத் தான போகுது! "நம்ம ஆளுக அங்க கும்பிட்ட தண்ணிக்கு பொறந்த வீடு இதுடா"ன்னு பெரியாத்தா சொன்னப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

குருத்வாராவுல தலைய மூடிக்கிட்டு உள்ள போயி வணங்குனோம், சுடச்சுட கிச்சடியும் டீயும் குடுத்தாங்க, யாரு என்னன்னு கேக்கல. மத்தியானம் ஆனதும் தம்பி கிளப்பிட்டாரு. இறங்குறப்ப மழை, முட்டிக்கு தான் வேலை, கைத்தடி இல்லாம இறங்காதீங்க.

கேக்குறவங்களுக்கு சொல்றேன். மே கடைசி வாக்குல திறந்து அக்டோபர்ல மூடிருவாங்க. பூ பாக்கணும்னா ஆடி, ஆவணி, ஆனா மழை, மண்சரிவுக்கு ரெண்டு நாள் கூட வச்சுக்கிட்டு டிக்கெட் போடுங்க. நெஞ்சு நோவு, மூச்சிரைப்பு உள்ளவங்க டாக்டர்ட்ட கேக்காம கிளம்ப வேணாம். நடக்க முடியாதவங்களுக்கு குதிரை இருக்கு, ஆனா குதிரையில போனாலும் மேல காத்து அதே காத்து தான்.