கலங்கல் பார்க்கும் நாட்கள்

ஜூன் 3
சிப்பிக் காளான் இழையைத் திரவத்தில் வளர்க்க, ஆலைக் கழிவில் ஊடகம், அதாவது சத்துக் கரைசல். மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்பாகு) லிட்டருக்கு 30 கிராம். அதில் ஏறக்குறைய பாதிதான் சர்க்கரை, ஆக 15 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நைட்ரஜனுக்குத் தவிடு: லிட்டருக்கு 20 கிராம், கொதிநீரில் அரை மணி நேரம், பிறகு துணியில் பிழிந்த சாறு. புதுத் தவிடாக இருக்க வேண்டும். பழசென்றால் எண்ணெய் காறிப்போயிருக்கும்.

துணி வடிகட்டல் போதவில்லை, அடியில் மாவு தங்குகிறது. இரவு முழுக்கக் குளிரில் வைத்து, மேல் தெளிவை மட்டும் இறுத்து, வடிதாளில் இன்னொரு முறை.

ஜூன் 4
கலவையின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 4.9. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு 5.8. ஆட்டோகிளேவில் (அழுத்த ஆவியில் கிருமி நீக்கும் கலன்) கொஞ்சம் இறங்கும் என்பதையும் சேர்த்த கணக்கு இது. 250 மில்லி குடுவையில் 80 மில்லிக்கு மேல் ஊற்றினால் காற்றுக்கு இடமிருக்காது.

121 டிகிரி, 20 நிமிடம். வெறும் கொதிநீர் இங்கே உதவாது. பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரியைத் தாங்கும், தவிட்டில் அவை இருக்கவே செய்யும். அழுத்தம் தானாக இறங்க வேண்டும். ஆவியை அவசரமாகத் திறந்துவிட்டால் திரவம் பொங்கிப் பஞ்சடைப்பு நனையும், நனைந்த பஞ்சு கிருமியைத் தடுக்காது.

ஜூன் 5
எல்லாம் தெளிவு. நாளையும் இப்படியே இருக்கட்டும்.

ஜூன் 6
விதைத்தாயிற்று. சிப்பிக் காளான் இழை, அகர் (கடற்பாசிக் கூழ்) தட்டில் படர்ந்த வட்டத்தின் ஓரத்திலிருந்து மட்டும்; நடுப்பகுதி வயதானது. 6 மி.மீ துண்டுகள், குடுவைக்கு ஐந்து. 26 டிகிரி, நிமிடத்துக்கு 130 சுற்று. விதைக்காத இரண்டு குடுவைகளும் கூடவே சுழல்கின்றன. சாட்சிக்கு.

ஜூன் 7
ஒன்றுமில்லை. 1948-இல் ஹம்ஃபெல்ட் என்ற ஆய்வாளர் காளான் இழையை இப்படித் திரவத்தில் மூழ்கடித்து வளர்த்துக் காட்டினார். குடை வராது, இழைதான் வரும். அது போதும்.

ஜூன் 8
துண்டுகளைச் சுற்றி வெள்ளை முடி!

ஜூன் 9
மூன்றாம் குடுவை கலங்கியிருக்கிறது. தவிட்டுத் தூளா, பாக்டீரியாவா?

வெறும் குளுக்கோஸ் ஊடகம் என்றால் இந்தக் கேள்வியே எழாது. அங்கே கலங்கினால் தொற்றுதான். ஆலைக் கழிவில் சத்துக்குப் பஞ்சமில்லை. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் பெரிய தொல்லை. சுழற்சியை நிறுத்தி அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் தூள் அடியில் படியும், பாக்டீரியா மிதந்தபடியே நிற்கும். இது படியவில்லை. விளக்குக்கு எதிரே மெல்லச் சுழற்றினால் பளபளப்பான நெளிவு தெரிகிறது. லேசான புளித்த வாடையும் இருக்கிறது. ஒரு துளியை நியூட்ரியண்ட் அகரில் இழுத்து 37 டிகிரியில் வைத்திருக்கிறது. அந்தச் சூட்டில் சிப்பிக் காளான் ஓரிரவில் தலைகாட்டாது. வருவது பாக்டீரியாவாகத்தான் இருக்கும்.

ஜூன் 10
தட்டில் வழவழவென்று பொட்டுகள். பாக்டீரியாதான். அந்தக் குடுவையைத் திறக்காமலே 121 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, அதன் பிறகே கொட்ட வேண்டும்.

ஜூன் 12
மற்றவை அருமை. ஆனால் இழை திரண்ட உருண்டைகள் சில 8 மி.மீ. அவ்வளவு பெரிசானால் நடுவுக்கு ஆக்சிஜன் எட்டாது. வெட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்பு, பாதி வெறுங்கூடு. இவற்றை அப்படியே அடுத்த குடுவைக்கு ஊற்றுவது வீண். கிருமி நீக்கிய மிக்சி ஜாரில் 10 நொடி, சற்று நிறுத்தி இன்னொரு 10 நொடி. அதற்கு மேல் அடித்தால் இழை சிதைந்துவிடும். ஊடகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இதை விட்டால் கடுகளவு உருண்டைகள் ஏராளமாக வரும்.

மொலாசஸின் கருப்பு வெளுக்கிறது. காளான் சுரக்கும் லாக்கேஸ் போன்ற நொதிகளின் வேலை.

ஜூன் 13
அடுத்த ஊடகம்: பாலைத் திரித்து வடித்த தண்ணீர். அமிலம் விட்டு பிஎச் 4.6, பின் 90 டிகிரி. எஞ்சிய புரதம் திரிந்ததும் வடிகட்டு. இதை விட்டுவிட்டால் ஆட்டோகிளேவிலேயே திரிந்து வெள்ளைக் கட்டிகள் மிதக்கும், பார்வைக்கு அச்சு அசல் காளான் இழை. மறுபடி அதே கண்கட்டு!

ஜூன் 15
தெளிவு.

ஜூன் 18
எடை. அகர் துண்டு போட்டவை வேண்டாம், அகரும் எடையில் ஏறும். மிக்சியில் அடித்த இழையை விதைத்தவற்றை வடிகட்டி, மூன்று முறை கழுவி, 60 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தினால் 80 மில்லிக்கு 0.58 கிராம். விதைக்காத குடுவையின் வண்டல் மட்டுமே 0.09. கழித்தால் 0.49, அதாவது லிட்டருக்கு 6 கிராம் சொச்சம். அந்த வண்டலிலும் கொஞ்சத்தை இழை தின்றிருக்கும் என்பதால் இதுவும் தோராயம்தான். வண்டலைக் கழிக்காமல் சொல்லும் எந்த எடையையும் ஏற்கக்கூடாது.

மிச்சச் சர்க்கரையை டிஎன்எஸ் முறையில் (குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரையை மட்டும் காட்டும் நிறச் சோதனை) அப்படியே அளந்தால் சுக்ரோஸ் அகப்படாது. முதலில் அமிலத்தில் சூடாக்கி உடைக்க வேண்டும்.

ஜூன் 19
சுழற்சி நிறுத்தி அரை மணி ஆயிற்று. எல்லாவற்றிலும் மேலே தெளிவு. நாளை காலை ஒரு கிலோ தானியப் பைக்கு 10 மில்லி வீதம்.