ககானை உருவாக்கியது வானமா, மந்திரியா?

மங்கோலியா போகிறவர்கள் பெரும்பாலும் செங்கிஸ் கானைத் தேடிப் போவார்கள். நான் தேடிப் போனது அவருக்கு ஏறத்தாழ ஐந்நூறு வருடம் முன்னால் கல்லில் பேசிய துருக்கிய ககான்களை, அதாவது புல்வெளிப் பேரரசர்களை.

உலான்பாத்தரிலிருந்து முதலில் கார்ஹோரின், சுமார் 360 கி.மீ. வழியெல்லாம் புல்வெளி, குதிரைக் கூட்டம், உப்புப் போட்ட பால் தேநீர். அங்கிருந்து வடக்கே ஹோஷோ சைதாம் வரை நல்ல தார்ச்சாலை. துருக்கி நாட்டு உதவியில் போட்டது, அருங்காட்சியகமும் அப்படித்தான். 732இல் இளவரசர் குல் தெகினுக்கு எழுப்பிய கல்லும், 735இல் அவருடைய அண்ணன் பில்கே ககானுக்கு எழுப்பிய கல்லும் உள்ளே இருக்கின்றன.

குல் தெகின் கல் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். பேசுவது அண்ணன். மேலே நீல வானமும் கீழே பழுப்பு நிலமும் உண்டானபோது நடுவில் மனிதர்கள் உண்டானார்கள், அவர்களை ஆள என் முன்னோர் அமர்ந்தார்கள் என்று எடுத்த எடுப்பிலேயே உலகத் தோற்றத்துக்குப் போய்விடுகிறார். மெய்க்கீர்த்தி படித்துப் பழகியவர்களுக்கு இந்தத் தொனி புதிதில்லை. ஏழை மக்களைச் செல்வராக்கினேன், சிறு கூட்டத்தைப் பெருங்கூட்டமாக்கினேன், இரவில் தூங்கவில்லை, பகலில் உட்காரவில்லை என்று அடுக்குகிறார். தம்பியோ ஒரே போரில் மூன்று குதிரைகள் மாற்றி ஏறுகிறான், மூன்றும் சாகின்றன, கவசத்தில் நூற்றுக்கு மேல் அம்பு.

சீனர்களின் இனிப்பான பேச்சுக்கும் மென்மையான பட்டுக்கும் மயங்கி அழிந்தீர்களே என்று அதே கல்லில் தன் மக்களைத் திட்டவும் செய்கிறார். சரி என்று மேற்குப் பக்கம் சுற்றி வந்தால் முழுக்கச் சீன எழுத்து. சீனாவின் தாங் வம்சப் பேரரசர் ஷுவான்சோங் தன் பெயரில் அளித்த இரங்கல் உரை. அதில் ககான் வீட்டாரோடு தனக்குள்ளது தந்தை–மகன் உறவு என்கிறார், யார் தந்தை என்று சொல்ல வேண்டியதில்லை. நினைவிடத்தை அலங்கரித்ததும் சீன அரண்மனைக் கலைஞர்கள்தான், அதைப் பில்கேயே பெருமையாகக் குறிப்பிடுகிறார். பட்டுக்கு மயங்காதே என்று எச்சரிக்கும் கல்லைச் செதுக்கப் பட்டுக்காரனையே கூப்பிட்டிருக்கிறார்!

சொல்லாமல் விட்டதும் உண்டு. 716இல் சித்தப்பா கப்கான் ககான் கொல்லப்பட்டதும், அவர் மகனையும் ஆட்களையும் குல் தெகின் தீர்த்துக்கட்டித்தான் அண்ணனை ஆட்சியில் உட்கார வைத்தார் என்று சீன வரலாறு சொல்கிறது. கல்லில் அது இல்லை.

தலைநகர் திரும்பியதும் எதிர்ப்பக்கம் கிளம்பினேன். நலைஹ் தாண்டி பாயன் சோக்தோவில் திறந்த வெளியில் இரண்டு தூண்கள். தொன்யுகுக் என்ற மந்திரி, அந்த ஆட்சிக் கவிழ்ப்பில் உயிர் தப்பியவர், பில்கேயின் மாமனார். கிழவர் தன் கதையைத் தானே எழுத வைத்திருக்கிறார். எனக்கு மூன்று கற்களில் இதுதான் பிடித்தது.

பில்கேயின் அப்பா இல்தெரிஷ் ககான் ஆன கதையைப் பாருங்கள். மகன் எழுப்பிய கல்லில், வானக் கடவுளான தெங்ரி அவரை உச்சந்தலையில் பிடித்து மேலே தூக்குகிறார். பதினேழு பேரோடு புறப்பட்டு, எழுபது ஆகி, எழுநூறு ஆகிறது படை. மந்திரியின் கல்லில் எழுநூறு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள், மூன்றில் ஒரு பங்கு பேருக்குக் குதிரைகூட இல்லை. இவரைக் ககானாக்கலாமா என்று தொன்யுகுக் யோசிக்கிறார். தூரத்தில் நிற்கும் காளை கொழுத்ததா மெலிந்ததா என்று தெரியாதே என்ற தயக்கம் வேறு. அப்புறம், தெங்ரி எனக்கு அறிவு கொடுத்தார், நானே அவரைக் ககான் ஆக்கினேன் என்று முடித்துவிடுகிறார். ஆண்டு கொண்டிருக்கும் மருமகனின் தகப்பனைப் பற்றி இப்படி எழுத என்ன துணிச்சல் வேண்டும்!

இரவில் தூங்கவில்லை என்ற வரி இவரிடமும் இருக்கிறது. கூடவே சிவப்பு ரத்தமும் கறுப்பு வியர்வையும் சிந்துகிறார். யார் உண்மையில் தூங்கவில்லையோ!

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: தொன்யுகுக்கை முதலில் பாருங்கள். உலான்பாத்தரிலிருந்து அரை நாளில் போய் வரலாம். கிழவரைக் கேட்டுவிட்டு அரசர்களிடம் போனால், அவர்கள் வானத்தைக் காட்டும்போதெல்லாம் சிரிப்பு வரும்.