1913 லைப்சிக் அட்டை: கடைசி வரி பிடிபட்டது

1913-ல் லைப்சிக்கிலிருந்து பெர்லினுக்குப் போன ஒரு பழைய தபால் அட்டையில் என்னைப் பாடாய்ப்படுத்திய கடைசி வரி ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. ஏ, என், எச், ஒரு புள்ளி. அப்புறம் பி, எச், எஃப், இன்னொரு புள்ளி. அன்ஹால்ட்டர் பான்ஹோஃப் என்பதன் சுருக்கம். லைப்சிக்கிலிருந்து வரும் ரயில்கள் பெர்லினில் வந்து நின்ற ஸ்டேஷன் அது. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு அங்கே வந்து நில் என்று தங்கைக்கோ அக்காவுக்கோ எழுதியிருக்கிறார் ஒருவர். படப்பக்கத்தில் 1913 அக்டோபர் 18 அன்று திறக்கப்பட்ட 91 மீட்டர் உயர லைப்சிக் போர் நினைவுச்சின்னம். முத்திரையும் அதே மாதம்தான். ஒட்டியிருப்பது 5 பெனிக் (ஜெர்மன் சில்லறைக் காசு) பச்சை ஜெர்மானியா. கோடிக்கணக்கில் அச்சடித்த தபால்தலை என்பதால் அட்டை சல்லிசாகக் கிடைத்தது.

விற்றவர் உறைமேல் "ஸ்யூட்டர்லின்" என்று எழுதி வைத்திருந்தார். இதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். பழைய ஜெர்மன் கையெழுத்து எதைக் கண்டாலும் ஸ்யூட்டர்லின்தான் இவர்களுக்கு. லுட்விக் ஸ்யூட்டர்லின் அந்த எழுத்தை வடிவமைக்கத் தொடங்கியதே 1911-ல். பெர்லினும் அடங்கிய பிரஷ்ய ராஜ்ஜியத்தின் பள்ளிகளுக்கு அது வந்தது 1915-ல். 1913-ல் வளர்ந்த ஆள் ஒருவர் எழுதிய அட்டை எப்படி ஸ்யூட்டர்லினாக இருக்கும்? இது அசல் குர்ரெண்ட், அதற்கு முன்பே ஜெர்மனியில் வழங்கிய கையெழுத்து. கூர்நிப்பில் ஏறும் கோடு மெலிந்து, இறங்கும் கோடு தடித்து, முழுக்க வலப்பக்கம் சாய்ந்த கோழிக் கிறுக்கல்.

'ஈ'யும் 'என்'னும் ஒரே மாதிரி இருக்கும், கால்களுக்கு இடையே உள்ள இடைவெளியை வைத்துப் பிரிக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் இறங்கியவர்களுக்குத் தெரிந்ததுதான். 'எம்' மேல் ஒரு கோடு இருந்தால் இரட்டை 'எம்' என்பதும் அப்படியே. மூன்றாவது வரியில் வந்த "கொம்மெ" (வருகிறேன்) அந்தக் கோட்டால்தான் உடனே தெரிந்தது. கடைசி வரியின் சிக்கல் வேறு. யாரிடம் காட்டினாலும் முதல் சொல்லை "ஔஃப்" என்றே படித்தார்கள். பழைய எழுத்தைச் சரளமாகப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர்கூட மற்ற வரிகளை மளமளவென்று வாசித்துவிட்டு அங்கே வந்து நின்றுவிட்டார். கையெழுத்து படிக்கும் ஏஐ கருவியோ அதை ஆள் பெயராக்கி, கூடவே ஒரு குடும்பப் பெயரையும் சேர்த்துக் கொடுத்தது! அட்டை மாதிரி பத்து வரிச் சமாச்சாரத்துக்கு இன்னும் கண்ணும் டிரேசிங் தாளும்தான் என்பது என் கட்சி.

எழுதியவரின் எழுத்தை அவர் அட்டையிலேயே தேடுவதுதான் வழி. புத்தகத்தில் இருக்கும் எழுத்து அட்டவணை ஓரளவுக்குத்தான் உதவும், ஒவ்வொரு கைக்கும் ஒரு வளைவு. விலாசத்தில் "பெர்லின்" இருக்கிறதே, அதில் பெரிய 'பி' கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்காது, ஏனென்றால் தபால்காரருக்குச் சிரமம் வேண்டாம் என்று விலாசத்தை மட்டும் லத்தீன் எழுத்தில் எழுதியிருக்கிறார். பலரும் அப்படிச் செய்தார்கள். குர்ரெண்டில் பெரிய 'பி'யும் பெரிய 'எல்'லும் அண்ணன் தம்பி, மாதிரி இல்லாமல் பிரிக்க முடியாது. இரண்டாவது வரியில் மாட்டியது: "பிரீஃப் எர்ஹால்ட்டன்", கடிதம் கிடைத்தது. 'பி', 'எச்', 'எஃப்' மூன்றும் அந்த இரண்டு சொல்லிலேயே இருக்கின்றன. டிரேசிங் தாளில் பிரதி எடுத்துக் கடைசி வரிமேல் வைத்தால் அச்சாகப் பொருந்தியது. 'ஔஃப்' சந்தேகமும் தீர்ந்தது. செய்தி முடிந்து கீழே விடைபெறும் இடத்தில் உண்மையான "ஔஃப் வீடர்சேன்" (போய் வருகிறேன்) இருக்கிறது. குர்ரெண்டில் 'என்'னும் 'யூ'வும் ஒரே வடிவம், 'யூ' தலையில் மட்டும் குட்டிப் பிறை; அதில் அது இருக்கிறது. மேலே உள்ள சொல்லில் பிறை கிடையாது. ஆக அது 'என்'.

ஒரு குறிப்பு: மை பழுப்பாக வெளிறிய அட்டையைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யாதீர்கள். கலரில் 1200 டிபிஐ எடுத்து நீல சேனலை (படத்தின் நீல நிற அடுக்கை) மட்டும் தனியே பாருங்கள். மெல்லிய ஏறுகோடுகள்கூடத் தெரிய வரும்.

இனி பெறுநர். பெயரை இங்கே எழுதப் போவதில்லை, வாரிசுகள் இருக்கலாம். "ஃப்ரொய்லைன்" என்று தொடங்குகிறது, கல்யாணமாகாத பெண். அடுத்து "பி." என்று ஓர் எழுத்து, அதாவது இன்னார் வீட்டில். தெரு எல்சாசர் ஸ்ட்ராஸ, இரண்டாம் மாடி. அந்தப் பெயரில் இன்று தெரு இல்லை. எல்சாசரையும் லோத்ரிங்கர் தெருவையும் 1951-ல் ஒன்றாக்கி, கிழக்கு ஜெர்மனி அதிபர் வில்ஹெல்ம் பீக் பெயர் வைத்தார்கள். 1994 முதல் அது டோர்ஸ்ட்ராஸ. இரண்டு தெருவை ஒன்றாக்கியதால் பழைய கதவு எண்ணை நம்பி இன்றைய வாசலில் போய் நிற்க முடியாது.

1943 வரையிலான பெர்லின் விலாசப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் குடும்பத் தலைவர்கள் பெயர்தான் இருக்கும். வேலைக்கு வந்து தங்கிய பெண், வாடகைக் கட்டிலில் படுத்த பெண் எல்லாம் கணக்கிலேயே இல்லை. வீட்டுக்காரர் பெயரைத் தேடலாம் என்றால் அதன் நடுப்பகுதியை ஈரக்கறை தின்றுவிட்டது. அதனால் தலைகீழாகப் போனேன். 1914 பதிப்பில் தெருவாரிப் பகுதியைத் திறந்து, எல்சாசர் போய், அந்த எண்ணுக்குக் கீழே குடியிருந்தவர்களை வரிசையாகப் படித்தேன். பெயருக்கு முன் 'ஈ' போட்டிருந்தால் கட்டட உரிமையாளர், 'வி' என்றால் நிர்வாகி. கறைக்கு இருபுறமும் மிஞ்சிய எழுத்துகளோடு ஒத்துப்போனது ஒரே ஒரு பெயர். தொழில்: தையல் மாஸ்டர்.

அந்தப் பெண் தையல் வேலைக்காரியா, வெறும் குடித்தனமா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்தது கல்யாணப் பதிவு. பிரஷ்யாவில் சிவில் பதிவு (பிறப்பு, கல்யாணம், இறப்பை அரசே பதிவது) 1874 அக்டோபரிலேயே வந்துவிட்டது. கல்யாணப் பதிவுகள் 80 வருஷம் கழித்துப் பொதுப் பார்வைக்கு வரும். 1914-லிருந்து பெயர்ப் பட்டியலைப் புரட்ட வேண்டும். பெர்லினில் பதிவு அலுவலகங்கள் ஏகப்பட்டவை என்பதால் எல்சாசர் எதில் அடங்கியது என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும்.

அதற்குள் அதே பெட்டியிலிருந்து 1916 ஃபெல்ட்போஸ்ட் அட்டை ஒன்றையும் வாங்கி வைத்துவிட்டேன். போர்க்களத் தபால் என்பதால் ஸ்டாம்ப் இல்லை, பெரும்பாலான ஸ்டாம்ப்காரர்கள் சீந்தமாட்டார்கள், எனக்கு லாபம். முழுக்கப் பென்சில் எழுத்து. நீல சேனல் வித்தை இதில் செல்லாது. சாய்வான வெளிச்சத்தில் பள்ளம் தெரிகிறதா என்று பார்க்க ஒரு சின்ன எல்ஈடி விளக்கு தேடிக்கொண்டிருக்கிறேன்.